மாமா சைவமான வருஷம்

பிறவிச் சைவம் என்று என்னைப் பற்றி நான் சொல்லிக்கொள்வேன். உண்மை அப்படியில்லை. மூன்று வயதில் மீன் முள்ளு தொண்டையில் சிக்கி, வீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினார்கள். அன்றைக்கு விட்டது. மீனோ இறைச்சியோ முட்டையோ, எங்கள் ஆட்கள் மச்சம் என்று சொல்லும் எதுவும் அதற்குப் பிறகு என் வாய்க்குப் போகவில்லை. அப்படிப்பட்டவள் மீனைப் பற்றி ஒரு கதை சொல்ல வந்திருக்கிறேன். சொல்லக்கூடிய மற்றவளுக்கு வாய் திறந்தால் அழுகை வருகிறது. ஆகவே நான்தான் சொல்ல வேண்டும்.

அந்த மற்றவள் என் தங்கச்சி தனுஷியா. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடியில், இரண்டு அறை வீடு. அவள், அவள் கணவன் ராகுலன், மகள் சாம்பவி, ராகுலனின் தகப்பன் தியாகராசா மாமா. நான் கலியாணம் கட்டாதவள். பம்பலப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை, அங்கேயே ஒரு அறை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு தங்கச்சி வீட்டில். வெறுங்கையோடு போகமாட்டேன். ஒரு கட்டுக் கீரையோ தயிர்ச் சட்டியோ கையில் இருக்கும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவள் வீட்டுக் கணக்குக்குள் ஒருவர் சும்மா நுழைந்துவிட முடியாது.

சாப்பிட்டு முடிந்து சோற்றுக் கோப்பைகளைக் கழுவி வைத்த பிறகு, அதே மேசையில் தனுஷியா ‘கிழமை போடுவாள்’. அது அவளுடைய சொல். வருகிற கிழமை ஏழு நாளும் என்ன சமையல் என்று தீர்மானிப்பதுதான் கிழமை போடுவது. தாளில் எழுதமாட்டாள். வாயால் சொல்வாள், எல்லாரும் இருந்து கேட்க வேண்டும். பாராளுமன்றம்கூட அவ்வளவு ஒழுங்காக நடந்திராது. பருப்பும் வல்லாரைச் சம்பலும் எந்த நாள், அவித்த முட்டையைப் பாதி பாதியாக வெட்டிக் குழம்பு வைப்பது எந்த நாள், ஒரு தேங்காயை இரண்டு நாளைக்கு எப்படி இழுப்பது, எல்லாம் அந்த மேசையில் முடிவாகும். செவ்வாயும் வெள்ளியும் எப்படியும் சைவம், அந்த இரண்டு நாளும் கடவுள் பார்த்துக்கொள்வார் என்பாள். ஞாயிற்றுக்கிழமைதான் மீன்.

"என்ர வீட்டில ஆருக்கும் தெரியாமல் ஆற்றயும் கோப்பையில குறையக் கூடாது. குறையுதெண்டா முகத்துக்கு நேர சொல்லிப்போட்டுத்தான் குறைப்பன்" என்பாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை. வேறு எதிலும் பெருமைப்பட அந்த வருஷங்களில் அவளுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

கஷ்டப்பட்ட வருஷம் என்றால் எதைச் சொல்கிறேன் என்று கொழும்பில் இருந்தவர்களுக்கு விளங்கும். சமையல் காஸுக்கும் வரிசை, எண்ணெய்க்கும் வரிசை, பால்மாவுக்கும் வரிசை. ராகுலன் வேலைசெய்த அச்சகத்தில் அடிக்கக் கடதாசி இல்லை. முதலாளி நல்ல மனிதர், ஆளை நிறுத்தவில்லை, சம்பளத்தைப் பாதியாக்கினார். தனுஷியா பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ரியூசன் தொடங்கினாள். அதற்கு முதல் அந்த வீட்டில் முழுப் பாரை மீன் வாங்குவார்கள், தலை மாமாவுக்கு என்று எழுதாத சட்டம். மாமா தலையைத் தின்பதை நான், மச்சம் தொடாதவள், ஒரு வித்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு இருப்பேன். முடிவில் கோப்பை ஓரத்தில் வெள்ளை எலும்பு மட்டும் சுத்தமாக அடுக்கியிருக்கும்.

பாரை நின்றது. தலையும் நின்றது. வெள்ளவத்தைச் சந்தையில் சூரை மீனில் ஒரு பங்கு நிறுத்து வாங்கி, "மல்லி, துனட்ட கபன்ன" என்று மீன்காரத் தம்பியிடம் சிங்களத்தில் மூன்றாக வெட்டச் சொல்வாள். ஆட்கள் நாலு பேர், துண்டு மூன்று. "எனக்குக் குழம்பு காணும். மீன்ர ருசி எல்லாம் குழம்பிலதானே கிடக்கு" என்று முகத்துக்கு நேரே எல்லாருக்கும் சொன்னாள். சட்டப்படி சொல்லிப்போட்டுத்தான் குறைத்தாள், தன்னுடையதை. நாங்களும் சரி என்று கேட்டுக்கொண்டோம். ஒருவர் சிரித்துக்கொண்டு சொன்னால் நம்புவது எவ்வளவு சுகம்.

அப்படி ஐந்தாறு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிழமை போடுகிற நேரம், மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"பிள்ளை, நான் இனிச் சைவம். என்னை மீன் கணக்கில சேர்க்க வேண்டாம்."

ராகுலன் சிரித்துவிட்டான். "அப்பா, நீங்களோ? மீன் இல்லாட்டி உங்களுக்குச் சோறு இறங்காதெல்லோ!"

"வயது போட்டுது தம்பி. இனி எப்பன் கடவுள் பக்கமும் பாக்க வேணும்."

எங்கள் ஆட்களில் இது புதினமில்லை. அறுபது எழுபது தாண்டினால் மச்சத்தை விடுவார்கள், கழுத்தில் உருத்திராட்சம் ஏறும், பேச்சில் சாந்தம் வரும். ஊரும் மெச்சும். தனுஷியாவின் முகம் மலர்ந்துபோயிற்று. தன் வீட்டில் ஒரு சிவபழம் இருப்பது யாருக்குத்தான் பிடிக்காது. அடுத்த நாளே மாமாவுக்குப் புது மண்சட்டி, புது அகப்பை. அதில் மச்சம் படக்கூடாது என்று சாம்பவிக்குக் கடுமையான உத்தரவு. வெள்ளிக்கிழமைகளில் மாமாவுக்கு மட்டும் ஒரு அப்பளம் கூட. அவள் அன்பு அப்படி, ஒரு அப்பளத்தில் தெரியும்.

எனக்கும் சந்தோஷம். இவ்வளவு காலமும் மேசையின் சைவக் கரையில் நான் தனி ஆள். இப்போது துணை கிடைத்தது. மாமா என் பக்கத்துக் கதிரைக்கு மாறினார்.

முதல் ஞாயிறு இருவரும் பருப்பும் கத்தரிக்காயும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், அவர் மெல்லக் கேட்டார்: "பிள்ளை, உமக்கு ஒருநாளும் ஆசை வாறதில்லையோ?"

"ருசி தெரிஞ்சால்தானே மாமா ஆசை வரும்."

"அது சரி" என்றார். கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்துவிட்டு, மறுபடியும், "அது சரிதான்" என்றார்.

அன்றைக்கும் துண்டு மூன்று. மாமாவின் பங்கு மிஞ்சியதால், ஆறு மாதத்துக்குப் பிறகு தனுஷியாவின் கோப்பையில் ஒரு மீன் துண்டு விழுந்தது. அவள் அதை அவசரப்படாமல், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு சாப்பிட்டாள். மாமா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம் மனிசன், மீனைப் பார்க்கிறார், ஆசை இன்னும் போகவில்லை என்று நான் நினைத்தேன்.

சைவமான பிறகு மாமாவுக்குக் கோயில் போக்கும் கூடிற்று. மாதத்தில் முதற் சனிக்கிழமை, வெள்ளை வேட்டி கட்டி, பஸ் பிடித்துக் கொட்டாஞ்சேனைப் பக்கம் சிவன் கோயிலுக்குப் போவார். இளமைக் காலம் முழுவதும் புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் கணக்கெழுதும் கிளாக்காக இருந்தவர், அந்தத் தெருக்கள் பழக்கம். பின்நேரம் திரும்பி வருவார். நெற்றியில் திருநீறு, வாயில் கராம்பு மணம். "கோயில் தீர்த்தம் மணக்குது" என்று தனுஷியா பக்தியோடு சொல்வாள். பஸ் காசையும் கிழமைக் கணக்கில் சேர்த்திருந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது. வரிசைகள் போயின. ராகுலனுக்குச் சம்பளத்தில் முக்கால்வாசி திரும்பி வந்தது. ஏறிய விலைகள் மட்டும் ஏறின இடத்தில் கால் நீட்டி இருந்துவிட்டன. ஆகவே மூன்று துண்டு மூன்று துண்டாகவே இருந்தது. பிறகு ஒரு வியாழக்கிழமை விடியப்புறம், தேத்தண்ணீர் கொண்டுபோன சாம்பவி, "அப்பப்பா எழும்புறார் இல்லை" என்று ஓடி வந்தாள். நித்திரையிலேயே போய்விட்டார். ஒருவருக்கும் ஒரு கரைச்சலும் கொடுக்கவில்லை. சாகிறபோதும் மனிசன் கணக்குப் பார்த்துச் செத்திருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து அன்னபாக்கியம் மாமி வந்தார். தியாகராசா மாமாவின் ஒரே தங்கச்சி, ஒரு வயதுதான் இளையவர், வாயும் மனமும் ஒன்றான ஆள். வந்த அன்றைக்கே தமையனின் புது மண்சட்டியைப் பார்த்து அழுதார். "சின்னனில மீன் தலைக்கு என்னோட அடிபட்டவன். கடைசிக் காலத்தில சிவனே கூப்பிட்டுச் சைவமாக்கியிருக்கிறார், பாரன்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டார். அழுகைக்கு நடுவில் அது அவருக்கு ஒரு ஆறுதல். யார் அதைத் தட்டிப் பறிப்பார்கள்?

எட்டாம் நாள் வந்தது. எங்கள் ஆட்கள் அதை எட்டுச் செலவு என்பார்கள். செத்த ஆள் உயிரோடு இருந்தபோது எதை விரும்பித் தின்றாரோ, அதையெல்லாம் சமைத்து வாழையிலையில் படைக்க வேண்டும். மீன் என்றால் மீன், இறைச்சி என்றால் இறைச்சி, குடித்தவர் என்றால் அதுவும் ஒரு கிளாஸில். ஆசை எதுவும் மிச்சம் இல்லாமல் ஆள் போக வேண்டும் என்பதுதான் அதன் கருத்து. மாமா சைவம் ஆனபடியால் எல்லாம் மரக்கறியே என்று தனுஷியா தீர்மானித்தாள். அன்றைக்கு அவள் கணக்குப் பார்க்கவில்லை. கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு, முருங்கைக்காய், உருளைக்கிழங்குப் பிரட்டல், வடை, பாயாசம். தேங்காய் மட்டும் மூன்று உடைத்தாள். முழுத் தேங்காயின் முதற்பால் அந்தக் குசினியில் மணந்து எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

மாமாவின் படத்துக்கு முன்னால் இலை போட்டு, சோறும் வைத்துவிட்ட நேரம், வாசல் மணி அடித்தது. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு வயதான பெண் நின்றார், கழுத்தில் சிறிய சிலுவை, கையில் துணியால் சுற்றிக் கட்டிய ஒரு சட்டி. மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது.

"நான் மாக்ரெட்டுங்க. கொட்டாஞ்சேனையிலிருந்து வாறேன். ஐயாவும் எங்க வீட்டுக்காரரும் புறக்கோட்டைக் கடையில ஒண்ணா வேலை செஞ்சவங்க. மொதச் சனிக்கிழமை ஐயா வரல்லைங்க. மனசு கேக்காம கோயில்ல போய் விசாரிச்சேன், அங்கதான் சேதியும் விலாசமும் சொன்னாங்க."

உள்ளே கூப்பிட்டு இருத்தினோம். அவர் சட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தார். பிறகு சட்டியைத் தனுஷியாவிடம் நீட்டினார்.

"எட்டாம் நாள் விருப்பமானதப் படைப்பீங்கன்னு ஐயாவே ஒருக்கா சொல்லியிருக்காரு. அதுதான் காலையிலேயே மார்க்கட்டுக்குப் போனேன். பாரைத் தலைங்க. அவரு கேக்கிற மாதிரியே, உள்ளி நெறையப் போட்டு வச்சிருக்கேன்."

அன்னபாக்கியம் மாமி இலையில் வடை வைக்கத் தூக்கிய கையை அப்படியே வைத்திருந்தார்.

"அம்மா, அவர் சைவம்" என்றாள் தனுஷியா. "இரண்டு வருஷமாய்ச் சைவம். நீங்கள் வேற ஆரையோ நினைக்கிறியள்."

மாக்ரெட்டின் முகம் மாறியது. பொய் சொல்லப் பழகாத முகம். எழும்பப் பார்த்தார், தனுஷியா விடவில்லை.

"சொல்லுங்கோ. எங்கட மாமா உங்கட வீட்டில மீன் சாப்பிட்டவரோ?"

"மாசத்துல ஒரு நாளுங்க. கோயிலுக்குப் போய்ட்டு வருவாரு. நான் காசு கேக்கிறதில்ல, அவரும் சும்மா வரமாட்டாரு, தோடம்பழம் ரெண்டு வாங்கிட்டு வருவாரு. போகையில ஒரு கராம்பு கேட்டு வாயில போட்டுக்குவாரு."

கராம்பு! கோயில் தீர்த்தம் என்று நாங்கள் நினைத்த மணம்.

தனுஷியாவுக்கு முதலில் வந்தது கோபம். என் தங்கச்சியை எனக்குத் தெரியும், நொந்தால் முதலில் கடிப்பாள். "எங்கட வீட்டில சோறு இல்லாமலோ உங்கட வீட்டுக்கு வந்தவர்? ஆசையெண்டா என்னட்டக் கேட்டிருக்கலாமெல்லோ! நான் என்ன, கல்லோ?"

"ஐயோ, அப்படி இல்லீங்க, மகள்" என்று மாக்ரெட் அவள் கையைப் பிடித்தார். "நானும் கேட்டேன், ஏன் வீட்டுல சாப்பிடாம இருக்கீங்கன்னு. சொல்லமாட்டேன்னாரு. ஒரு நாள்தான் சொன்னாரு. ‘மருமக மூணு துண்டு வெட்டி எங்க மூணு பேருக்கும் போட்டுட்டு, வெறும் கொழம்போட சாப்பிடுறா, மாக்ரெட். வேண்டாம்னு குடுத்தா வாங்கமாட்டா. நான் சைவம்னு சொன்னாத்தான் அந்தத் துண்டு அவ கோப்பையில விழும்’னாரு. அதைச் சொல்லிட்டுச் சிரிச்சாருங்க. ‘அவ சாப்பிடுறத ஞாயித்துக்கிழமை பாக்கிறேன், எனக்கு அது போதும்’னாரு."

தனுஷியா சட்டியைப் பிடித்தபடி நிலத்தில் இருந்துவிட்டாள். அழவில்லை. ராகுலன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான், அவன் முதுகு குலுங்கியது. எனக்கு அந்த முதல் ஞாயிறு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. பருப்புச் சோற்றைப் பிசைந்துகொண்டு அந்த மனிசன் பார்த்தது மீனை இல்லை.

கொஞ்ச நேரத்தில் தனுஷியா எழும்பினாள். சட்டியைத் திறந்தாள். குழம்பு மணம் வீடு முழுக்கப் பரந்தது. அகப்பையை எடுத்துக்கொண்டு இலைப் பக்கம் போனாள்.

"என்ன செய்யப் போறாய்?" என்றார் அன்னபாக்கியம் மாமி. "சைவமாய்ச் செத்தவனுக்கு மச்சம் படைக்கப் போறியோ? அவன்ர புண்ணியத்தை அழிக்கப் போறியோ?"

"அவர் சைவமாய்ச் சாகேல்லை மாமி."

"ஊர் முழுக்க நான் சொல்லிப்போட்டன், பிள்ளை! என்ர தமையன் சிவபழம் எண்டு சொல்லிப்போட்டன்! இப்ப சனம் என்ன சொல்லும்?"

"சனம் எதையும் சொல்லட்டும். ஆசையோட இருந்த மனிசன் மாமி. என்னால ஆசையை அடக்கிக்கொண்டு இருந்த மனிசன். எட்டிலயும் நான் அவருக்குக் கத்தரிக்காயை வைச்சு அனுப்பினால், எனக்கு இனி அந்த மேசையில இருந்து சாப்பிட ஏலாது." அதுவரை அடக்கியது அப்போது உடைந்தது. அழுதுகொண்டே நின்றாள். ஆனாலும் சம்மதம் கேட்டுக்கொண்டுதான் நின்றாள், மாமியைத் தாண்டி வைக்கவில்லை. செத்தவரின் கூடப்பிறந்தவர் அந்தக் கிழவிதானே.

மாமி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாம்பவி வந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் மாமி முழங்காலில் கையூன்றி எழும்பி வந்து, தனுஷியாவின் கையிலிருந்த அகப்பையை வாங்கினார். தலையைத் தானே எடுத்து இலையில் வைத்தார். வைத்துவிட்டு, திருப்பி வைத்தார்.

"கன்னச் சதை மேல வர வேணும்" என்றார். "அவன் அதைத்தான் முதல் தின்னுவான். எனக்கு ஒருநாளும் தந்ததில்லை, கள்ளன்."

அதற்குப் பிறகு அவர் அழுத அழுகைக்கு மூன்றாம் மாடி காணாது.

அன்றைக்குப் பின்நேரம் எல்லாம் ஒதுக்கி முடிந்து, குசினியில் நானும் தனுஷியாவும் மட்டும். பாத்திரத்தை விளக்கிக்கொண்டே சொன்னாள்: "அக்கா, அவர் செத்தும் என்ர மீன் கணக்கில ஒரு மாற்றமும் இல்லை. அண்டைக்கும் மூண்டு துண்டு, இனியும் மூண்டு துண்டு. உயிரோட இருக்கேக்கையே அந்த மனிசனைக் கழிச்சுப்போட்டன்."

"நீயோ கழிச்சனீ? அவரெல்லோ தானாய்க் கழிஞ்சவர்."

"நான் அந்தத் துண்டைச் சந்தோசமாய்ச் சாப்பிட்டனான் அக்கா. ஒவ்வொரு கிழமையும்."

‘அதுக்காகத்தானே அவர் விட்டவர்’ என்று சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதான். ஆனால் அதைச் சொல்லாமல், அவள் விளக்கிய சட்டியை வாங்கித் துடைத்து வைத்தேன்.

அந்தப் படையலோடு சரி, முப்பத்தோராம் நாள் சடங்கு முடியும்வரை வீட்டில் மச்சம் இல்லை, அது வழமை. அது முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். மேசையில் மீன் குழம்பு இருந்தது, சூரைதான், துண்டு மூன்று. என் பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது. தனுஷியா சாம்பவிக்கு ஒரு துண்டு போட்டாள். ராகுலனின் கோப்பைக்கு அகப்பையைக் கொண்டுபோனபோது அவன் கையை மறித்தான்.

"எனக்கு வேண்டாம் தனு. நான் ஒரு வருசத்துக்கு மச்சம் விடலாமெண்டு இருக்கிறன். அப்பாவுக்காக."

இதுவும் எங்கள் ஆட்களில் புதினமில்லை. தகப்பனுக்குக் கொள்ளி வைத்த மகன் ஒரு வருஷம் விரதம் இருப்பான், இருக்கத்தான் வேண்டும் என்பவர்களும் உண்டு. வேறு ஒரு வீட்டில் என்றால் கேட்டவர்கள் தலையாட்டியிருப்பார்கள்.

தனுஷியா அகப்பையைக் குழம்புக்குள் திரும்ப வைத்தாள். "என்ர முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ. அப்பாவுக்காகவோ?"

"ஓம்."

அவன் அவளைப் பார்க்கவில்லை. சாம்பவியின் கோப்பையைப் பார்த்தான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, அந்த வருஷத்தில் ஒரு முழம் வளர்ந்திருந்தாள். துண்டை ஏற்கெனவே பாதி முடித்துவிட்டிருந்தாள்.

"அப்பாவுக்காக எண்டா வாங்கோ, இப்பவே கோயிலுக்குப் போவம். சுவாமிக்கு முன்னால நிண்டு சொல்லுங்கோ, நான் நம்புறன். எங்களுக்காக எண்டா…" குழம்புச் சட்டியை அவன் பக்கம் நகர்த்தினாள். "இந்த வீட்டில இனி ஒருத்தரும் எனக்குச் சொல்லாமல் சைவமாக ஏலாது. எனக்குத் தாங்காது."

"சாம்பவி வளருறாள் தனு" என்றான் ராகுலன், மிகவும் மெல்ல. "மீன் விக்கிற விலைக்கு…"

"விலையை நான் பாக்கிறன். நீங்கள் சாப்பிடுங்கோ."

துண்டைப் போட்டாள். அவன் அதைக் கையில் எடுத்தான், பிய்த்தான், பாதி மகளின் பக்கம் போகப் பார்த்தது. தனுஷியா அவன் மணிக்கட்டைப் பிடித்து, அவன் கோப்பைக்கே திருப்பினாள். அவன் சாப்பிட்டான். கண்ணீர் மூக்கால் ஓடி மீசையில் நிற்க, துடைக்காமல் சாப்பிட்டான். அவள் தன் கோப்பையைத் தொடவில்லை. அவன் கதிரைக்குப் பின்னால், கடைசி முள்ளும் கோப்பை ஓரத்துக்கு வரும்வரை நின்றாள். மாமா சைவம் என்று சொன்ன அன்றைக்கு அந்த மேசையிலிருந்து எங்களில் ஒருவரும் எழும்பி அவர் பின்னால் இப்படி நிற்கவில்லை.